விபத்தில் காயமுற்றால் வழக்குத் தொடுப்பதா, விட்டுவிடுவதா?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்துள்ள கிராமம் களுதாவளை. கல்முனையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. வெற்றிலைத் தோட்டத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் செல்வோர், பாடசாலை மாணவர்கள், சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயத்துக்கு வரும் அடியார்கள், மருதமுனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வியாபாரத்தின் பொருட்டுப் பயணிப்போர் எனப் பலரும் இந்த ஒரே வீதியைத்தான் நம்பியிருக்கின்றனர். அதே வீதியில்தான் தொலைதூர பஸ்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் வேகமாக ஓடுகின்றன. எனவே விபத்து என்பது இப்பகுதி மக்களுக்குப் புதிய செய்தியல்ல.

ஆனால் விபத்துக்குப் பின்னர் நடப்பது பற்றி நம்மவர்கள் அதிகம் சிந்திப்பதில்லை. காயமுற்றவர் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லப்படுகின்றார். ஓரிரு நாட்களில் வாகனத்தின் சொந்தக்காரர் பழங்களும் சிறிது பணமுமாக வந்து பார்க்கின்றார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகின்றனர். “நடந்தது நடந்து போயிற்று” என்ற சொல்லோடு ஒரு தாளில் கையொப்பம் பெறப்படுகின்றது. ஆறு மாதங்கள் கழிந்த பின்னரும் கால் நேராகவில்லை, தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை என்ற நிலை ஏற்படும்போதுதான், “வழக்குப் போட்டிருக்கலாமோ?” என்ற கேள்வி அந்த வீட்டில் எழுகின்றது. அப்போது அக்கேள்விக்கு விடை காண்பது பெரிதும் சிரமமாகி விடுகின்றது.

நட்டஈடு கோரி வழக்குத் தொடுப்பது எல்லோருக்கும் எப்போதும் நன்மை தரும் என்று இக்கட்டுரை வாதிட வரவில்லை. வழக்காடாமல் விடுவதே புத்திசாலித்தனமான சந்தர்ப்பங்களும் பல உண்டு. ஆனால் விடுவதாயினும் தொடர்வதாயினும் அது காயமுற்றவர் விளங்கிக்கொண்டு எடுத்த தீர்மானமாக இருத்தல் வேண்டும். நமது பகுதியில் பல கோரிக்கைகள் அவ்வாறு ஆராய்ந்து கைவிடப்படுவதில்லை. காலம் கடந்தும், கையொப்பமிட்டும், சான்றுகள் தொலைந்தும் அவை தாமாகவே அழிந்து போகின்றன.

பொலிஸ் வழக்கும் நட்டஈட்டு வழக்கும்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வது அவசியமாகும். விபத்து நடந்ததும் பொலிஸார் விசாரணை நடத்திச் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்கின்றனர். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்துகின்றார். அத்துடன் வழக்கு முடிந்தது என்று காயமுற்றவரின் குடும்பமும் கருதிக் கொள்கின்றது. அது அரசு தொடுத்த குற்றவியல் வழக்கு. தண்டப்பணம் செல்வது அரசுக்கே. காயமுற்றவருக்குரிய இழப்பீட்டை அவரே குடியியல் வழக்கொன்றின் மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் கோர வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டமை அந்த வழக்கில் பயனுள்ள சான்றாகலாமே தவிர, அதுவே நட்டஈட்டைப் பெற்றுத் தந்துவிடாது.

இலங்கையில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் உரோமன் டச்சுச் சட்டத்தின் தீங்கியல் கோட்பாடுகளின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகின்றன. மற்றவரின் கவலையீனத்தால் ஏற்பட்ட பணநட்டத்தையும், உடல் வேதனைக்கான இழப்பீட்டையும் கோருவதற்கு அச்சட்டம் இடமளிக்கின்றது. இதற்கான கால எல்லையை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வரையறுக்கின்றது. காயம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கல் செய்யப்பட வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே இந்த 2 ஆண்டுகளையும் இழப்பவர்கள் உண்டு. ஒரு வழக்கு நடக்கின்றது என்பதற்காக மற்றைய வழக்கின் கடிகாரம் நின்றுவிடுவதில்லை.

காயமுற்றவர் பராயமடையாத சிறுவராயின் சட்டம் இக்கால எல்லையில் சலுகை காட்டுகின்றது. ஆனால் கண்கண்ட சாட்சிகளின் நினைவும் வைத்தியசாலைப் பதிவேடுகளும் சிறுவர் வளரும் வரை காத்திருப்பதில்லை.

நான்கு கேள்விகள்

ஒரு கோரிக்கை தொடரத்தக்கதா என்பதைக் கோபத்தாலோ பேராசையாலோ தீர்மானிக்க முடியாது. நான்கு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தவறு யாருடையது? விபத்து நடந்தது என்பதனாலேயே நட்டஈடு கிடைத்துவிடாது. எதிர்த்தரப்பினர் நியாயமான கவனத்துடன் நடக்கவில்லை என்பதை வழக்காளியே நிரூபிக்க வேண்டும். வேகம், வாகன விளக்கின்மை, பிழையான பக்கத்தில் முந்திச் சென்றமை போன்றவற்றுக்குச் சாட்சி உண்டா என்று பார்க்க வேண்டும். தம்மிடமும் பிழை இருக்கின்றது என்பதற்காக உடனே கைவிட வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இரு தரப்பினரும் தவறிழைத்திருந்தால் வழக்காளியின் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படுமேயன்றி முற்றாக மறுக்கப்படுவதில்லை. இருளில் விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் சென்றவரை வேகமாக வந்த வான் மோதியிருந்தால், அவருக்குரிய தொகையில் ஒரு பகுதி கழிக்கப்படலாம். மிகுதி அவருக்குக் கிடைக்கக் கூடும்.

இரண்டாவது, அந்தத் தவறுதான் இந்தப் பாதிப்பை உண்டாக்கியது என்று நிரூபிக்க முடியுமா? இக்கேள்வியின் கனத்தை உணர்த்தும் வழக்கு ஒன்று இலங்கைச் சட்ட வரலாற்றில் உள்ளது. பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன என அறியப்படும் அவ்வழக்கு, 1992ஆம் ஆண்டு உயிரிழந்த ஒரு சிறுமி தொடர்பானது. சிகிச்சை அளித்த வைத்திய நிபுணரின் கவலையீனம் குறித்துச் சிறுமியின் தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. வைத்தியரிடம் கவலையீனம் இருந்தது என்பதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் சிறுமியின் மூளையில் இருந்த கட்டியே மரணத்துக்கு இட்டுச் சென்றது, கவலையீனத்தால்தான் மரணம் நிகழ்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் நன்கறிந்த ஒரு குடும்பம் ஏறத்தாழ 9 ஆண்டுகள் போராடிய வழக்கு அது. தவறு இருப்பது வேறு, அத்தவறே பாதிப்புக்குக் காரணம் என்பது வேறு என்பதை அவ்வழக்கு காட்டுகின்றது. மரணம் நிகழ்ந்த சந்தர்ப்பங்களில் நெருங்கிய உறவினர் நட்டஈடு கோருவதற்கு 2019இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எனினும் காரணத் தொடர்பை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதனால் இல்லாமற் போய்விடவில்லை.

வீதி விபத்தில் இத்தொடர்பு பெரும்பாலும் எளிதாகவே தெரியும். ஆனால் முன்பே முழங்கால் வருத்தத்துக்கு மருந்தெடுத்தவர், விபத்துக்குப் பின்னர் நடக்க முடியவில்லை என்று கூறும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுப்பும் முதற் கேள்வி இதுவாகவே இருக்கும்.

மூன்றாவது, நட்டம் எவ்வளவு? இங்கு நமது மக்கள் தமக்குத் தாமே அநீதி இழைத்துக் கொள்கின்றனர். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கையில் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே நட்டமும் இல்லை என்று எண்ணிக் கொள்கின்றனர். உண்மையில் பெரிய நட்டம் வைத்தியச் செலவில் அல்ல, இழந்த உழைப்பிலேயே உள்ளது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெற்றிலைத் தோட்டத்தில் நாளொன்றுக்கு 2,500 ரூபா உழைக்கும் ஒருவர் மாதத்தில் 24 நாட்கள் வேலை செய்வதாகக் கொண்டால் மாத வருமானம் 60,000 ரூபாவாகும். கால் எலும்பு முறிந்து 5 மாதங்கள் வீட்டில் இருந்தால் இழப்பு 3 இலட்சம் ரூபா. அவரைப் பராமரிக்க மனைவி தையல் வேலையை விட்டிருந்தால் அதனையும் குறித்து வைத்துச் சட்டத்தரணியிடம் தெரிவிக்க வேண்டும். கிளினிக் செல்ல முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த பணம், வெளியில் வாங்கிய மருந்து, எடுத்த எக்ஸ்ரே என்பன மேலதிகம். உடல் வேதனை, நிரந்தரக் குறைபாடு, எதிர்காலத்தில் குறையப்போகும் உழைப்பு என்பன தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டியவை. அதே மனிதருக்குச் சிராய்ப்புக் காயம் மட்டும் ஏற்பட்டு 5 நாட்கள் வேலை கெட்டிருந்தால் இழப்பு 12,500 ரூபா மாத்திரமே. அதற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவது அறிவுடைமையாகாது.

நான்காவது, யார் பணம் செலுத்துவார்? தீர்ப்பைப் பெறுவது ஒன்று, பணத்தைப் பெறுவது மற்றொன்று. மோதியவர் கூலித் தொழிலாளியாயின் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்துவிடக் கூடும். ஆனால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. காப்புறுதி செய்த வாகனத்துக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பின் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தக் கடமைப்பட்டுள்ளது. இதற்கு ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, தாக்கல் செய்து 7 நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்துடன், வாகனத்தை ஓட்டியவர் சம்பளத்துக்கு வேலை செய்த சாரதியாயின், அவரது தொழிலின்போது நடந்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பாளியாவார். எனவே வாகன இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் முதல் நாளிலேயே குறித்துக் கொள்வது மிகவும் முக்கியமானதாகும்.

நீதிமன்றம் மட்டுமே வழியல்ல

மேற்கூறிய நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே எந்த வாயிலைத் தட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். சிறிய தொகைகளுக்கு, மக்கள் இணக்கசபை என்று அழைக்கும் மத்தியஸ்த சபை பொருத்தமான இடமாகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகள் கட்டணம் அறவிடுவதில்லை. நிர்ணயிக்கப்பட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் இச்சபைக்குச் சென்றாக வேண்டும் என்பதும் சட்டமாகும். நடுத்தரமான தொகைகளுக்கு, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பிக் காப்புறுதி நிறுவனத்துடன் பேசித் தீர்த்துக்கொள்வது பல சமயங்களில் போதுமானதாக இருக்கும். நிரந்தர ஊனமோ உயிரிழப்போ ஏற்பட்டு, தவறும் தெளிவாக இருந்து, காப்புறுதியும் இருக்குமாயின் வழக்கை அஞ்சி விலக வேண்டிய காரணம் இல்லை.

வேலைத்தலத்தில் காயமுற்றவர்களுக்கு வேறொரு வாயில் திறந்திருக்கின்றது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையின்றியே இழப்பீடு கோரலாம். 2022இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தம் உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதுடன், வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. மருதமுனையின் நெசவுத் தொழிலாளிக்கும் களுதாவளையின் தோட்டக் கூலியாளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும். ஆனால் முதலாளிக்கு எதிராக இவ்வழியையும் நீதிமன்ற வழக்கையும் ஒருங்கே நடத்த முடியாதாகையால், எது இலாபகரமானது என்று முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். மோதிய வாகனம் எதுவெனத் தெரியாமலே தப்பிச் சென்றிருந்தால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடும் உள்ளது.

அரசுக்கு எதிரான வழக்குகளில் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடுகின்றது. அரசுக்கு எதிராகக் குடியியல் வழக்குத் தொடுப்பதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் வழங்கப்பட வேண்டும். பிரதேச சபை மூடாமல் விட்ட வடிகானில் விழுந்தவருக்கு 2 ஆண்டு அவகாசம் இல்லை. அதனினும் குறுகிய காலமே உண்டு. அரச அதிகாரிகளின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தை நாடுவதாயின் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதல்கள் தொடர்பில், 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்த வழியால் கிடைத்ததேயாகும். தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்த வேண்டுமென அதில் உத்தரவிடப்பட்டது. உரிய வாயிலை உரிய காலத்தில் தட்டினால் நாட்டின் உயர் பதவியில் இருந்தவரும் பொறுப்புக்கூற நேரிடும் என்பதை நமது மண்ணின் துயரம் ஒன்றே உணர்த்தியிருக்கின்றது.

முதல் சில வாரங்கள்

தீர்மானத்தைப் பின்னர் எடுக்கலாம். ஆனால் தீர்மானிக்கும் உரிமையைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டியது முதல் சில வாரங்களிலேயாகும். விபத்தைப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடாகப் பதிவுசெய்து அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடைபெற்றதா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். வாகனங்கள், வீதி, காயம் ஆகியவற்றின் படங்களைக் கையடக்கத் தொலைபேசியில் எடுத்து வைக்க வேண்டும். கண்டவர்களின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் செல்லாத நாட்களை ஒரு கொப்பியில் எழுதி, கூலி வழங்கியவரிடம் வருமானம் பற்றிய கடிதமொன்றும் பெற்று வைத்தால் அதன் பெறுமதி பின்னர் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “இத்துடன் எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதப்பட்ட எந்தத் தாளிலும், காயம் முற்றாக ஆறியதா என வைத்தியர் கூறும் முன்னர் கையொப்பமிடக் கூடாது. உடனடிச் செலவுக்கு வாகனச் சொந்தக்காரர் உதவ விரும்பினால் அதனை ஏற்கலாம். “வைத்தியச் செலவுக்காகப் பெற்ற முற்பணம்” என்று மட்டும் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை.

சட்டத்தரணியிடம் செல்லும்போது கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் செல்லும், தோற்றால் என்ன நிகழும் என்பவற்றைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, மேன்முறையீடுகள் தொடரலாம். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம். வழக்கை நடத்தாவிட்டாலும் ஆலோசனையைப் பெறுவதற்கேனும் அங்கு செல்வது பயனுடையது.

விட்டுக்கொடுத்தலும் உரிமையும்

நமது பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். விபத்தொன்றில் ஒரு சமூகத்தவரின் வாகனம் மற்றைய சமூகத்தவரை மோதும்போது, விடயம் பெருகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு ஆலய பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் விரைந்து சமாதானம் செய்து வைப்பதுண்டு. அவர்களின் நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் ஊரின் அமைதிக்கான விலையைக் கால் முறிந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் மட்டும் செலுத்துவது நியாயமாகாது. சமாதானம் செய்து வைப்போர், காயத்தின் முழு அளவு தெரியும் வரை பொறுத்திருந்து, எதிர்காலச் சிகிச்சையையும் இழந்த உழைப்பையும் கணக்கிட்டுப் பேசினால் அதுவே நிலையான சமாதானமாக அமையும்.

“எல்லாம் விதி” என்று கூறி ஒதுங்குவதற்கு நமது மரபுகளும் இடமளிக்கவில்லை. தேர்க்காலில் சிக்கி இறந்த கன்றுக்காகத் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, அது அக்கன்றின் விதி என்று மனுநீதிச் சோழன் கூறவில்லை. தவறுதலாக நேர்ந்த உயிரிழப்புக்கும் குடும்பத்தாருக்குத் திய்யத் எனும் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என இஸ்லாம் விதித்துள்ளது. அதனை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் உரிமையையும் அது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே வழங்கியுள்ளது. மன்னிப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனக்கு உரியது எவ்வளவு என்று அறிந்தவர் விட்டுக்கொடுப்பதே மன்னிப்பாகும். அறியாதவரிடமிருந்து பெறப்படும் கையொப்பத்தை அப்பெயரால் அழைக்க முடியாது.

ஆகவே நெடுஞ்சாலையோரம் வாழும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு விடயங்களை மனதிற் கொள்ளுதல் நலம். முதல் வாரங்களில் எதனையும் விட்டுக்கொடுக்காமல் சான்றுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். 2 ஆண்டுகள் முடியுமுன், இயலுமாயின் முதல் ஆண்டிலேயே, அச்சான்றுகளோடு ஒரு சட்டத்தரணியின் முன் அமர வேண்டும். அதன் பின்னர் வழக்குத் தொடர்வதா விடுவதா என்பதை அக்குடும்பமே தீர்மானிக்கட்டும்.